தேறாத கவிதைகள்

"திட்டி எழுதுவாரே, அந்த ஐயா இருக்காரா?"

பத்திரிகையின் உதவி ஆசிரியை நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு எதிரே ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர், இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு தபால் அட்டையுடன் நின்றிருந்தார்.

"எந்த ஐயா?"

"கவிதை ஏன் தேறலைன்னு கடிதம் போடுவாரே. 'இதுவா அங்கதம்? இதைப் படித்தால் கொசுவுக்குக்கூடக் கோபம் வராது'ன்னு போன மாசம் எழுதியிருந்தாரு."

"அது நான்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நரைச்ச மீசை, தடிச்ச கண்ணாடின்னு நினைச்சு வெச்சிருந்தேன்மா. நான் லிஃப்ட்காரன்."

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். லிஃப்ட்காரன் என்பது அவருடைய புனைபெயர். எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். நான்கு ஆண்டுகளாக, மாதம் தவறாமல் ஒரு கவிதை அனுப்புகிறவர்.

"உட்காருங்க சார்."

உட்காராமல் அவர் அட்டையை மேசைமேல் வைத்தார். 'தங்கள் கவிதை வரும் இதழில் இடம்பெறுகிறது.' அச்சடித்த ஒற்றை வரி.

"இதைப் போட வேண்டாம்மா. சொல்லிட்டுப் போகத்தான் லீவு போட்டு வந்தேன்."

பக்கத்து மேசையில் பக்கங்களை அமைத்துக்கொண்டிருந்த வடிவமைப்பாளர் தலையைத் திருப்பினார். "மேடம், நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். இப்ப எடுன்னா, அந்த இடத்துல என் போட்டோவையா வைக்கிறது?"

"அரை மணி நேரம் இருக்கு, இருங்க." அவள் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் போடலைன்னு சண்டைக்கு வருவாங்க. உங்களுக்கு முதல் கவிதை வருது. ஏன் வேண்டாம்?"

"வகையே தப்பு. இரங்கற்பான்னு தலைப்பு வெச்சுட்டு, தாலாட்டு எழுதியிருக்கேன். உங்க கண்ணுல படாம எப்படிம்மா தப்பிச்சுது?"

'ஏறியவர் எல்லாம் இறங்கிவிட்டார், கதவே, நீயும் கண்மூடு' என்று முடியும் கவிதை. அவளுக்கு அது மனப்பாடமாகவே ஆகியிருந்தது.

"மூணு நாள் காய்ச்சல் சார். நான் வரலை. ஆசிரியரே எடுத்துப் பக்கத்துல சேர்த்துட்டார்."

"அடடா. கூட யாராவது இருந்தாங்களா?"

"காய்ச்சல்தானே சார். தானா வந்தது, தானா போயிடுச்சு."

"புதுமை, புதுமைன்னு ஆசிரியர் ஒரே குதி," என்றார் வடிவமைப்பாளர். "இந்த ஆளு இதுவரைக்கும் நம்ம இதழ்ல வந்ததே இல்லையான்னு வேற கேட்டார்."

"பார்த்தீங்களா? வேணும்னே தப்பு பண்ணினா, அதைப் போய் புதுமைங்கறார்!"

"வேணும்னேவா?" என்றாள் அவள்.

லிஃப்ட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் ஒரு கடிதத்துல எழுதினீங்க. கவிதை என்ன வகைன்னு தெரியணும்னா, எழுதினவன் எதுக்கு எழுதினான்னு முதல்ல பாருங்கன்னு. தாலாட்டு, தூங்க வைக்க. இரங்கற்பா, அழுது தீர்க்க. அங்கதம், குத்திக் காட்ட. தூது..."

"பதில் வரணும்னு," என்று அவள் முடித்தாள்.

"நான் எழுதினது அத்தனையும் தூதுதாம்மா. தலைப்புதான் வேற வேற."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"காலைல ஒன்பது மணிக்கு அந்தப் பெட்டிக்குள்ள நின்னா, சாயங்காலம் ஆறு மணி. வர்றவங்க எல்லாரும் என்கிட்ட பேசத்தான் செய்யறாங்க. மூணு, ஏழு, கீழே. வீட்டுக்குப் போனா அதுவும் கிடையாது. உங்க கடிதம் நாலு பக்கம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்னு வெச்சுப் படிப்பேன். தேறிட்டா வர்றது இதுதான்." அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் விலாசம் மட்டும் இருந்தது. "மத்தவங்களுக்கும் நாலு பக்கம் எழுதுவீங்களாம்மா?"

"அது... வேலைதானே சார்."

மற்றவர்களுக்கு மூன்று வரிதான் போகும் என்று தெரிந்த வடிவமைப்பாளர் லேசாக இருமினார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கத்துல ஏதாவது விளம்பரம் போடுங்க," என்றாள் வடிவமைப்பாளரிடம்.

"ஆசிரியர் கேட்டா?"

"எழுதினவரே வேண்டாம்னுட்டார்னு சொல்லுங்க."

லிஃப்ட்காரர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கும்பிட்டுவிட்டு நடந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"மனசுல வெச்சுக்காதீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான். சிலதை மெனக்கெட்டும் எழுதினேன். நாலு வருஷத்துல நிஜமாவே ஒண்ணுகூட தேறலையாம்மா?"

அவள் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள்.

"இல்ல சார். இன்னும் நிறைய கத்துக்கணும் நீங்க. அடுத்த மாசமும் அனுப்புங்க."

"கண்டிப்பாம்மா. இதைவிட மோசமா எழுதி அனுப்பறேன்!"

அவருடைய செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கித் தேய்ந்தது. வடிவமைப்பாளர் இதழ்ப் பக்கத்திலிருந்து கவிதையை நீக்கிவிட்டு, மூலத்தாளை அவளிடம் கொடுத்தார். அவர் தேநீர் குடிக்கப் போகும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு, தாளின் மூலையில் ஆசிரியர் பென்சிலால் எழுதியிருந்த 'பிரசுரிக்கலாம்' என்ற சொல்லை ரப்பரால் மெதுவாக அழித்தாள். நான்கு ஆண்டுகளில், லிஃப்ட்காரரின் கவிதைகளில் அவள் அப்படி அழிப்பது இது இருபதாவது தடவை.