பாவம் என் தலையில

குடித்துவிட்டு வண்டியோடு லாரியில் மோதிப் பிழைத்தபின், வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் தொழிலாளியான இன்னாசிமுத்து. இன்று மனைவி சகாயமேரியே பிராந்தி வாங்கிவந்து ஊற்றினாள்.

"அடுத்த வாரம் ரிடையர் ஆவப்போறீங்க. இன்னிக்கு ஒருநாள் குடிங்க. பாவம் என் தலையில."

இப்படியொரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டிலைக் காலி செய்தார்.

வண்டிச் சாவியை நீட்டினாள். "அப்படியே மந்தாரக்குப்பம் போய் பிரியாணி வாங்கினு வந்துடுங்க."

வாசல் வரை தள்ளாடிப் போனவர், ஹெல்மெட்டுக்காகத் திரும்பினார். உள்ளே மகன் ஜாஸ்பர் பதறிக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ போதையில அனுப்புறியேம்மா, அடிபட்டா?"

"அடிபட்டா மட்டும் பத்தாதுடா. சர்வீஸ் முடியறதுக்குள்ள செத்தாத்தான் அவரு வேலை உனக்கு. மாதாவை வேண்டிக்க."