சாயங்காலக் கோளாறு

பொலிவியாவின் மலை நகரமான எல் ஆல்டோ குளிரில், தன் கம்ப்யூட்டர் கடையில் குனிந்தே வேலை செய்ததில் வில்மருக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. பக்கத்து வீட்டு செவெரினா, அவன் விற்ற கம்ப்யூட்டரைக் கடை மேசையில் பொத்தென்று வைத்தாள்.

"நீ சொன்ன மாதிரி முழு வேகத்துல ஓட்டிப் பாக்கற சோதனையப் போட்டேன். தினம் சாயங்காலம் பாதியில அணைஞ்சிடுது. கல்யாண வீடியோ வேலையெல்லாம் கைவிட்டுப் போகுதுடா."

"விக்கறதுக்கு முன்னால இங்க நாள் பூரா முழு வேகத்துல ஓட்டினேன், ஒரு பிழை இல்ல. உன் வீட்டுக் கரண்டுதான் கோளாறு, சீமாட்டி. தூக்கிட்டுப் போ."

"திருட்டுப் பயலே." அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீடு திரும்பிய வில்மர், இடுப்புக்கு இதமாக, தண்ணீரைச் சூடாக்கும் மின்சார ஷவரைத் திருகினான். சுவருக்கு அப்பால் கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. செவெரினா அவன் பேரைச் சொல்லித் திட்டினாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஷவருக்கான கம்பியை அவள் மீட்டரிலிருந்துதான் அவளுக்குத் தெரியாமல் இழுத்திருந்தான்; ஷவர் ஓடினால் அவள் வீட்டுக் கரண்டு தாழ்ந்துவிடும்.

குழாயை மூடவில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டு குளிர்காலமாகத் திருடிய கரண்டுக்கான கட்டணத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.