அட்டையில் ஒரு கை

"மெதுவா! ஓரம் மடங்கிடப் போகுது!" என்று பதறியபடியே, அந்த எண்பது வருஷத்துப் பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸை நண்பரிடம் நீட்டினார் கணவர்.

அட்டையைப் பார்த்த நண்பர் திகைத்தார். "இந்த ஓவியருக்குக் கை வரையவே வராதே! எப்பவும் ஹீரோவோட கையை மேலங்கிக்குள்ள ஒளிச்சிடுவாரு. இதுல அஞ்சு விரலும் தெரியுது!"

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அட, ஆமா! வாங்கி ஒரு வாரமாச்சு, நானே இப்பதான் கவனிக்கிறேன். உலகத்துலயே இது ஒண்ணுதான்யா!"

காபியோடு வந்த மனைவி தயங்கினாள். "ஏங்க, அது வந்து..."

"நீ சும்மா இரு. ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் பூ வரையச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இதெல்லாம் புரியாது."

"நரம்புகூடத் துடிக்குதே! யார் கையைப் பார்த்து வரைஞ்சாரோ!" என்று உருகினார் நண்பர். "என் மொத்த கலெக்‌ஷனையும் எடுத்துக்கோ, இதை மட்டும் எனக்குக் கொடுத்துடு."

மனைவி காபி டம்ளர்களை மேஜையின் மறுகோடியில் வைத்தாள்.

"சோபாவுல வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்கின உங்க கையைப் பார்த்துதான் வரைஞ்சேன்" என்றாள் கணவரிடம். "முந்தாநாள் அந்த அட்டைமேல காபியைக் கொட்டிட்டேன், கறையை மறைக்க வேற வழி தெரியலை. ரெண்டு பேரும் அந்தக் கோடியிலயே நின்னு குடிங்க. இன்னொரு கை வரைய என்னால ஆகாது!"