இரண்டாவது கிளி

மாதா கோயிலில் ஜெசிந்தாவின் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த ஞாயிறு, மாலை நாலு மணிக்கு சகாயமேரி ஊசியில் சிவப்பு நூலைக் கோத்தாள். தோழிக்குப் பரிசாகக் கொடுக்க அவள் கிராஸ் ஸ்டிச்சில் தைத்த இரண்டு கிளிகளும் போன வருடமே முடிந்துவிட்டன. ஒரு கிளியின் கீழே ஜெசிந்தா என்று இருந்தது. மற்றதன் கீழே மாப்பிள்ளையின் பெயர். ஜெசிந்தாவின் முதல் நிச்சயம் முறிந்தபோது அல்போன்ஸைப் பிரித்தெடுத்தாள். இரண்டாவது முறிந்தபோது மரியதாஸை. அந்த இடத்தில் துணி சல்லடைபோல் ஆகியிருந்தது. இனி பெனடிக்டைத் தைக்க வேண்டும். ஊசியைக் குத்துவதற்கு முன் அவள் ஜெசிந்தாவுக்கு ஃபோன் செய்தாள்.

"என்னட்டி, இன்னும் முடிக்கலியா? மத்தவனுவளுக்கெல்லாம் ஒரே நாள்ல தச்சியே!"

"துணி இன்னும் ஒரு பேரைத்தான் தாங்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுட்டி, இவனைத்தான் கெட்டப்போறியா?"