மூன்றாவது வயலின்

"எனக்கு மியூசிக் எல்லாம் தெரியாது சார். ஆனா வயலின்ல கொஞ்சம் ஈரம் பத்தல" என்றார் டைரக்டர்.

இசையமைப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். தெரியாது என்று ஆரம்பிக்கிறவன்தான் கடைசிவரை வாயை மூடமாட்டான். பனிமூட்டத்தைப் பற்றிய படம். பின்னணியில் வயலின்கள் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எதுவும் நடக்கக் கூடாது. எதுவும் நடக்காமல் இசையமைப்பதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று இந்த ஆளுக்கு என்ன தெரியும்?

"ஈரம்தானே சார்? குடுத்துட்டாப் போச்சு. இந்தாங்க, உங்க கையாலேயே வச்சுக்கோங்க" என்று மேசை ஓரத்தில் இருந்த ஒரு திருகுக் குமிழைக் காட்டினார்.

டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு திருகினார். இன்னும் கொஞ்சம் திருகினார். துளி பின்னால் திருப்பினார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆங், இதான் சார். இப்பதான் நெஞ்சுல இறங்குது."

"காதுன்னா உங்க காதுதான் சார்."

டைரக்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், இசையமைப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தத் திருகிலிருந்து எங்கேயும் கம்பி போகவில்லை. கருத்து சொல்ல வருகிறவர்களுக்கென்றே அவர் வைத்திருக்கும் திருகு அது.

"பாவம் மாமா. நல்ல மனுஷன்" என்றாள் ஒலிக்கலவை பார்க்கும் பெண். இசையமைப்பாளருடைய மனைவியின் தங்கை அவள். வேறொரு ஸ்டூடியோவில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, அக்கா கெஞ்சினாளே என்று இங்கே வந்தவள்.

"நல்ல மனுஷன்னா கூட்டிட்டுப் போய் சோறு போடு. இந்த ரூமுக்குள்ள வர்றதுக்குக் காது வேணும். அது கடையில கிடைக்காது. சரி, வா, உருப்படியான வேலையப் பார்ப்போம்."

உருப்படியான வேலை என்பது வயலினைத் தேர்ந்தெடுப்பது. இந்த இசையில் நிஜமாக வயலின் வாசித்தவர் யாரும் இல்லை. எங்கோ ஒரு கூடத்தில் வாத்தியக்காரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரமாகப் பதிவுசெய்து தொகுப்பாக விற்கிறார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டால், ஒரு விரல் வைத்ததும் ஒரு கூட்டமே வாசிக்கும். ஏற்கெனவே ஒரு தொகுப்பு இருந்தது. இன்னும் இரண்டைப் புதிதாக வரவழைத்து, அவளைத் தொடக்கூட விடாமல், காலையில் தானே உட்கார்ந்து ஏற்றினார். மூன்றில் எது என்று இன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும்.

திரையில் முதல் பெயரை அழுத்தினார். வயலின்கள் இழுத்தன.

"தகர டப்பா" என்றார். "இதை வச்சா இத்தனை நாள் குப்பை கொட்டினோம்?"

இரண்டாவதை அழுத்தினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். "தேவலை. ஆனா மூக்கடைச்ச மாதிரி இருக்கு. வாசிச்ச அத்தனை பேருக்கும் ஜலதோஷம் போல."

மூன்றாவதை அழுத்தியதும் அவருடைய கண்கள் தானாக மூடிக்கொண்டன. வயலின்கள் முடியும்வரை அசையவே இல்லை. "வெண்ணெய்" என்றார் கடைசியில், குரல் தழுதழுக்க. "இதுதாம்மா வயலின். வில்லு கம்பியில படறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இருக்கு பாரு. கேட்டுச்சா?"

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். எது?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. எனக்கு மூணும் ஒண்ணு போலத்தான் கேட்டுச்சு."

"என்னது?"

"கண்ண மூடிக்கிட்டுதான் கேட்டேன். மாறினதே தெரியல."

இசையமைப்பாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அந்த டைரக்டரே தேவலையே. அவர் இல்லாத மாற்றத்தக் கேட்டாரு. நீ இருக்கிற மாற்றத்தையே கேக்க மாட்டேங்கற. சொந்தம்னு பார்த்துக் கொண்டாந்து வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"தோணினதத்தானே மாமா சொன்னேன். ஆமான்னு தலையாட்டியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்களா?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

அவள் முகம் சுண்டிப்போனது. தனக்குத்தான் காது கெட்டுவிட்டதோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மனைவியை அழைத்தார்.

"உன் தங்கச்சியோட சங்கதியக் கேளு. வெண்ணெய்க்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியலையாம். நாளையிலேருந்து நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

"என்னங்க இது, இருந்த வேலைய விட்டுட்டு வந்தவ அவ. நாளைக்கு எங்க போய் நிப்பா?"

"எங்க வேணா நிக்கட்டும். காது இல்லாதவங்களுக்கு என் ரூம்ல வேலையில்ல."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். போகிற போக்கில் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று குனிந்தவள், அப்படியே நின்றாள். திரையின் நடுவில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது.

"என்ன முழிக்கற? நிறுத்திட்டுக் கிளம்பு" என்றார் அவர்.

அவள் நிறுத்தவில்லை. போனில் இருந்த அக்காவுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகப் படித்துச் சொன்னாள்.

"ரெண்டாவது தொகுப்பும் மூணாவது தொகுப்பும் இப்பதான் ஏறி முடிஞ்சுதாம் மாமா. இதுவரைக்கும் எந்தப் பேரை அழுத்தியிருந்தாலும், வாசிச்சது மொத தொகுப்புதானாம்."