வெயிலில் ஒரு பனி

ஆம்புலன்ஸ் கொல்லிமலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. மதிய வெயில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பக்கம் மாறி, படுத்திருக்கும் மலர்க்கொடியின் எட்டு மாத வயிற்றின் மேல் மெல்ல ஊர்ந்துபோகிறது. வீங்கிய விரலில் மோதிரம் புதைந்திருக்கிறது. காலையிலிருந்து அவளுக்குத் தலைவலி. "ஏனுங்க, வண்டிக்குள்ளயே பனி வந்திருச்சுங்களா?" என்கிறாள் கணவன் வெங்கடாசலத்திடம். "உங்க மூஞ்சிகூடத் தெரியல. அதுவும் நல்லதுக்குத்தான்." தன் கேலிக்குத் தானே சிரிக்கிறாள். அவன் சன்னல் வழியே வெளியே பார்க்கிறான். பள்ளத்தின் அடிவரை ஒரு துளி பனி இல்லை. மரங்களின் இலைகள் தனித்தனியாக மின்னுகின்றன. நர்ஸ் ஸ்டெல்லா அவள் முகத்தருகே கையை வீசுகிறார். இமை அசையவில்லை. "பிரஷர் ஏறி மூளையில வீக்கம். அதான் பார்வை போயிருக்குங்க," என்கிறார் அவன் காதோரம். "திரும்ப வருமுங்களா?" "பெரும்பாலும் வந்துரும். ஆனா புள்ளையைச் சீக்கிரம் வெளிய எடுக்கோணும்." அவர் கை வயிற்றைத் தடவிக் குழந்தையின் அசைவைத் தேடுகிறது. மலர்க்கொடி காற்றில் துழாவிக் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். "பனியில எதிர்ல பஸ் வந்தாத் தெரியாதுங்க. டிரைவரண்ணனை லைட்டைப் போட்டு, ஆரன் அடிச்சுட்டே போகச் சொல்லுங்க." "சரி கண்ணு. நல்ல பனிதான்," என்கிறான். ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் சிறு கண்ணாடியில் அவனைப் பார்க்கிறார். வேகத்தைக் குறைக்காமல் விளக்கைப் போடுகிறார். வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லாத வளைவைப் பார்த்து, நீளமாக ஆரன் அடிக்கிறார்.