திருப்பி எறி!

“டேய் லாமார்! உன் அழுக்கு சாக்ஸை இன்னும் உங்கம்மாதான் துவைக்கிறாளா?”

மட்டையோடு நின்ற எதிரணி லாமாரைப் பார்த்து அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் சிகாகோ மைதானத்தின் இடது பக்கமே சிரித்தது. தலையில் சிகாகோ தொப்பி, உடம்பில் சிகாகோ சட்டை, மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். பக்கத்து இருக்கை காசிமிருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

“மெதுவா ஆன்ட்டி, தொண்டை கட்டிக்கும். வேலியைத் தாண்டி இன்னும் ஒரே ஒரு ஹோம் ரன் அடிச்சா இவன்தான் உலக சாதனையாம். பேஸ்பால்ல அத்தனை அடிச்சவன் எவனுமே இல்லையாம்.”

“கிழிச்சான்! அவனுக்குத் தெரிஞ்சது ஒரே அடி. இந்தப் பக்கம்தான் தூக்குவான், பாத்துக்கிட்டே இரு.”

வாயை மூடுவதற்குள் ‘டொக்’கென்று ஒரு சத்தம். பந்து வேலியைத் தாண்டி வந்து, காசிமிரின் பீர் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு அவன் மடியிலேயே விழுந்தது.

சாதனைப் பந்து! காசிமிர் அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டான். “என் சலூன்ல கண்ணாடிப் பெட்டில வைக்கப் போறேன். ஊரே வந்து பாக்கும்!”

“வெக்கமா இல்ல உனக்கு?” அந்த அம்மாள் எழுந்தே விட்டாள். “எதிரி அடிச்ச பந்தை இந்த மைதானத்துல எவனாவது வச்சுக்குவானா? நம்ம வழக்கம் என்ன? திருப்பி எறி!”

“ஆன்ட்டி, இது சாதாரணப் பந்து இல்ல...”

“எறி! எறி!” அவள் கைதட்ட, பின்வரிசை சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க “எறி! எறி!” என்று கத்தியது.

பந்தா, மானமா? காசிமிருக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினான். கூட்டம் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

சுற்றி ஓடி முடித்த லாமார், புல்லில் கிடந்த பந்தை வந்து எடுத்து முத்தமிட்டான். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, அதை உயர்த்திக் காட்டினான்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் கடலையைக் காசிமிரிடம் நீட்டினாள்.

“கோவிச்சுக்காத தம்பி. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வா. மில்வாக்கி ஒண்ணும் தூரமில்ல.”

“மில்வாக்கியா? அது அந்த லாமார் ஊராச்சே!”

“ஆமா. பந்தையும் அங்கேயே தொட்டுப் பாக்கலாம். அத்தனை வருஷம் அவன் சாக்ஸைத் துவைச்ச கைக்கு, இதாவது கிடைக்கட்டுமே!”